மிக்கி மவுஸ் வீட்டுக் கொல்லைப்புறம்!

தீம் பார்க்குக்குப் போனா முதல்ல எதைப் பார்ப்பீங்க? ‘ரோலர் கோஸ்டர்!’னு முக்கால்வாசி கிளாஸ் கத்துறது காதுல விழுது. லாஸ்ட் பெஞ்சிலேர்ந்து ‘கேன்டீன்!’னு ஒரு குரலும் வருது. ஓகே, ரெண்டுமே நியாயமான பதில்தான். ஆனா, இந்த வாரம் நாம பார்க்கப்போறது குப்பைத்தொட்டி!

சிரிக்காதீங்க பாஸ். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகரத்துக்குப் பக்கத்தில் வால்ட் டிஸ்னி வேர்ல்டு இருக்கு. அதில் முதலில் கட்டப்பட்ட பார்க் மேஜிக் கிங்டம். அங்கே பகல் முழுக்கச் சுற்றினாலும் குப்பை லாரி கண்ணில் படாது. தொட்டியில் விழும் குப்பையை ஊழியர்கள் எடுத்துப்போய் மறைவான இடத்தில் இருக்கும் குழாய் வாயில் போடுவார்கள். அவ்வளவுதான்... சர்ர்ர்ர்! காற்றின் வேகத்தில் உறிஞ்சப்பட்டு, மணிக்கு சுமார் 95 கிலோமீட்டர் வேகத்தில் பூமிக்கடியில் பறந்து பார்க்குக்குப் பின்பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். ஸ்வீடன் நாட்டுத் தொழில்நுட்பம். பார்க் திறந்த 1971-லேயே வந்தாச்சு.

ஒரு குப்பைக்கே இவ்ளோ பில்டப்னா, மத்த மேட்டர் எல்லாம் எப்படி இருக்கும்? வாங்க, கொல்லைப்புறக் கதவைத் திறந்து உள்ளே போகலாம்.

நீங்க நடக்கிறது மொட்டை மாடியில!

1955-ம் வருஷம் ஜூலை 17-ம் தேதி, கலிஃபோர்னியாவின் அனஹைம் ஊரில், ஆரஞ்சுத் தோப்பாக இருந்த இடத்தில் முதல் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது. கட்ட எடுத்துக்கொண்டது ஒரு வருஷம்தான். அதனால் முதல் நாள் ஏகப்பட்ட சொதப்பல். கள்ள டிக்கெட்டில் ஒரு கூட்டம் உள்ளே புகுந்தது. வெயிலில் இளகின புதுத் தார் ரோட்டில் பெண்களின் ஹை-ஹீல்ஸ் புதைந்தது. பிளம்பர்கள் ஸ்டிரைக் வேறு. குடிதண்ணிக் குழாயா, டாய்லெட்டா... ரெண்டில் ஒண்ணைத்தான் முடிக்க முடியும்னு நிலைமை. வால்ட் டிஸ்னி டாய்லெட்டைத் தேர்ந்தெடுத்தார். தாகத்துக்குக் கூல்டிரிங்க் வாங்கிக்கலாம், அந்த அவசரத்துக்கு என்ன பண்றது? கரெக்ட்தானே!

அந்த பார்க்கில் வால்ட் டிஸ்னியை உறுத்திய விஷயம் ஒண்ணு உண்டு என்பார்கள். எதிர்கால உலகமாக அமைக்கப்பட்ட ‘டுமாரோலேண்ட்’ வழியாக, கௌபாய் வேஷம் போட்ட ஒரு ஊழியர் தன் டியூட்டிக்கு நடந்து போனாராம். மகாபாரத நாடகத்தில் துரியோதனன் சபைக்கு நடுவே டீக்கடைப் பையன் டம்ளர் எடுத்துக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி!

அதனால் ஃப்ளோரிடாவில் பக்காவாக பிளான் போட்டார்கள். வேஷக்காரர்கள் நடக்க, சரக்கு கொண்டுபோக, உடை மாற்ற என்று பார்க்குக்கு அடியிலேயே பாதை வலைப்பின்னல். பேர் ‘யூட்டிலிடார்’. எல்லாரும் இதைச் சுரங்கம்னு சொல்றாங்க. ஆனா, தோண்டவே இல்லை! ஃப்ளோரிடா சதுப்பு நிலம், கொஞ்சம் தோண்டினாலே தண்ணி வந்துடும். அதனால், தரைமட்டத்தில் பாதைகளைக் கட்டினார்கள். பார்க்குக்கு முன்னால் ஏரி வெட்டிய மண்ணைக் கொண்டுவந்து அதைச் சுற்றிக் கொட்டினார்கள். அதுக்கு மேலே பார்க்கைக் கட்டினார்கள். ஆக, நீங்க ‘தரை’ன்னு நினைச்சு நடக்கிறது மாடி!

இதை வால்ட் டிஸ்னி பார்க்கவில்லை. 1966 டிசம்பர் 15-ல் அவர் இறந்துவிட்டார். ரிட்டயர் ஆகப்போன அண்ணன் ராய் டிஸ்னிதான் தம்பியின் கனவைத் தூக்கிச் சுமந்தார். ‘டிஸ்னி வேர்ல்டு’ன்னு வைக்க இருந்த பேருக்கு முன்னால் ‘வால்ட்’ என்று தம்பி பேரைச் சேர்க்கச் சொன்னதும் அவர்தான். 1971 அக்டோபர் 1-ல் பார்க் திறந்தது. அதே டிசம்பரில் ராயும் போய்ச் சேர்ந்தார். பாசமலர் ரீமேக் பண்றவங்க நோட் பண்ணிக்குங்கப்பா.

கண்ணைக் கட்டாமலே வித்தை

மேஜிக் கிங்டத்தின் நடுவில் நிற்கும் சிண்ட்ரெல்லா கோட்டையின் உயரம் 189 அடி. நம்ம தஞ்சைப் பெரிய கோயில் விமானம் சுமார் 216 அடி. அதாவது, ராஜராஜன் கட்டினதுதான் உசரம், அதுவும் கருங்கல்லில்! கோட்டையில் ஒரு செங்கல்கூடக் கிடையாது. இரும்பு, கான்கிரீட், ஃபைபர் கிளாஸ். ஆனாலும் பக்கத்தில் போனால் வானத்தைத் தொடுற மாதிரி இருக்கும். காரணம், மேலே போகப்போக ஜன்னல், கல் வரி, கோபுரம் எல்லாத்தையும் சின்னதாக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். ‘சின்னதா தெரியுதே, அப்போ ரொம்பத் தூரத்துல இருக்கு போல’ன்னு மூளை தானே கணக்குப் போட்டு ஏமாந்துபோகும்.

சரி, இன்னும் கொஞ்சம் உயரமாகத்தான் கட்டினால் என்ன? 200 அடியைத் தாண்டினால் விமானங்களுக்காக உச்சியில் சிவப்பு விளக்கு மாட்ட வேண்டிவரும். ராஜகுமாரி கோட்டை மேல செல்போன் டவர் மாதிரி லைட்டு மினுக்கினா நல்லாவா இருக்கும்? அதே வளாகத்தில் இருக்கும் ‘எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட்’ மலையும் 200 அடிக்குள் அடங்கி நிற்பது இதனால்தான்.

அடுத்து, ஸ்பேஸ் மவுன்டன். கும்மிருட்டில் ஓடும் ரோலர் கோஸ்டர். இறங்குகிறவர்கள் முகத்தைப் பார்த்தால் நூறு, நூத்தம்பது கிலோமீட்டர் வேகத்தில் பறந்த மாதிரி இருப்பார்கள். நிஜ வேகம் மணிக்கு சுமார் 45 கிலோமீட்டர். ரோடு காலியாக இருந்தால் நம்ம டவுன் பஸ்ஸே அதைத் தாண்டிடும்! அடுத்த வளைவு எங்கேன்னு தெரியாத இருட்டுதான் அங்கே இன்ஜின்.

‘ஹான்டட் மேன்ஷன்’ பேய் வீட்டில் ஒரு பெரிய ஹாலில் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் பேய்கள் நடனமாடும். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்னு நினைச்சீங்கன்னா அவுட். 1860-களில் லண்டன் நாடக மேடைகளைக் கலக்கிய ‘பெப்பர்ஸ் கோஸ்ட்’ என்ற பழைய தந்திரம். ராத்திரி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெளியே பாருங்க. உங்க முகம் வயல்வெளியில மிதக்கும் இல்லையா? அதேதான். பெரிய கண்ணாடித் தடுப்பு, மறைவான இடத்தில் பொம்மை, அதன் மேல் வெளிச்சம். ஃபிசிக்ஸ் லேப்ல தூங்கினவங்களுக்கு இது ஒரு பாடம்.

கொசு எங்கே போச்சு?

நம்ம ஊர்க்காரர்கள் அங்கே போனால் கேட்கவேண்டிய முதல் கேள்வி இது. சதுப்பு நிலம், சுற்றிலும் ஏரி, வெயில், மழை. ஆனா, கொசுத் தொல்லை அவ்வளவாக இல்லை. எப்படி?

ஜோ பாட்டர் என்று ஒரு ராணுவ இன்ஜினீயர். பனாமா கால்வாய்ப் பகுதியின் கவர்னராக இருந்தவர். அங்கே கொசுவோடு போராடிப் பழகின கை. அவரைக் கூட்டிவந்து, நிலம் முழுக்கக் கால்வாய் வெட்டி, தண்ணீர் எங்கேயும் தேங்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்படி செய்தார்கள். கட்டடங்களிலும் மழைத்தண்ணி தங்காத மாதிரி டிசைன். போதாததுக்குக் கோழிகளும் வேலை பார்க்கின்றன! கூண்டுக் கோழிகளுக்கு அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. கொசு மூலமாக ஏதாவது வைரஸ் வந்திருந்தால் கோழி ரத்தம் காட்டிக்கொடுத்துடும். கோழிக்கு நோய் வராது, மனுஷனுக்கு முன்னெச்சரிக்கை கிடைச்சிடும். தேங்கின தண்ணியை ஓடவிட்டால் பாதிப் பிரச்னை ஓவர். இந்தப் பாயின்ட்டை நம்ம வார்டு கவுன்சிலர் காதுல யாராவது போடுங்கப்பா.

க்யூவுல நிக்கிறதும் ஒரு கலை

டேவிட் மெய்ஸ்டர் என்ற பேராசிரியர் 1985-ல் க்யூவில் நிற்பவர்களின் மனசைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்ன விஷயம் சிம்பிள். சும்மா நிற்கும் பத்து நிமிஷம், ஏதாவது செய்துகொண்டு நிற்கும் பத்து நிமிஷத்தைவிட நீளமாகத் தெரியும். எவ்வளவு நேரம் ஆகும்னு தெரியாமல் நிற்பது இன்னும் கொடுமை. இதை அப்படியே அமல்படுத்தின இடம் டிஸ்னி பார்க்குகள். வளைந்து வளைந்து போகும் வரிசை, சுவரில் படங்கள், எத்தனை நிமிஷம் ஆகும்னு போர்டு. வரிசை முழுசும் ஒரே பார்வையில் தெரியாது. தெரிஞ்சா பாதிப் பேர் திரும்பிப் போயிடுவாங்களே!

1999-ல் ‘ஃபாஸ்ட் பாஸ்’ வந்தது. சீட்டு எடுத்து, குறித்த நேரத்துக்கு வந்தால் சின்ன வரிசை. எல்லாருக்கும் ஃப்ரீ. 2021-க்குப் பிறகு அந்தக் குறுக்கு வழிக்குத் தனியா காசு. இப்போ அதன் பெயர் ‘லைட்னிங் லேன்’. திருப்பதியில் தர்ம தரிசனம், சிறப்பு தரிசனம் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1955-ல் டிஸ்னிலேண்டுக்குள் நுழைய பெரியவர்களுக்கு ஒரு டாலர், ரைடுகளுக்குத் தனி டிக்கெட். இன்று ஒரு நாள் டிக்கெட் 100 டாலருக்கு மேலே. கிறிஸ்துமஸ் மாதிரி கூட்ட நாட்களில் 200 டாலரைத் தொடும். நாலு பேர் குடும்பத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க... தலை சுத்தும், ரைடே தேவையில்லை!

வேஷத்துக்குள்ளே உங்க வயசுக்காரர்

டிஸ்னியில் ‘தொழிலாளி’ என்ற வார்த்தை கிடையாது. எல்லாரும் ‘காஸ்ட் மெம்பர்’, அதாவது நடிகர். யூனிஃபார்முக்குப் பேர் ‘காஸ்ட்யூம்’. கூட்டத்துக்கு முன்னால் இருந்தால் ‘ஆன் ஸ்டேஜ்’. மறைவுக்குப் போனால் ‘பேக் ஸ்டேஜ்’. வழி கேட்டால் ஒற்றை விரலை நீட்ட மாட்டார்கள், ரெண்டு விரல் அல்லது விரித்த கை. ஒற்றை விரல் நீட்டுவது சில நாட்டுக்காரர்களுக்கு மரியாதைக் குறைவு. நெஞ்சில் குத்தியிருக்கும் பட்டையில் பேரும், சொந்த ஊரும் இருக்கும்.

அந்தப் பட்டையைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். பாப்கார்ன் போடுறவங்க, ரைடில் பெல்ட் மாட்டுறவங்க, தெரு கூட்டுறவங்க... நிறையப் பேர் உங்களை மாதிரி காலேஜ் ஸ்டூடன்ட்ஸ். 1981-லிருந்தே அங்கே மாணவர்களுக்கென ஒரு வேலைத் திட்டம் இருக்கு. செமஸ்டர் கணக்கில் வந்து தங்கி வேலை பார்ப்பார்கள்.

ஃப்ளோரிடா வெயில் நம்ம மெட்ராஸ் வெயிலுக்கு ஒண்ணுவிட்ட தம்பி. அந்தப் புழுக்கத்தில் ஒரு ஆள் தடிமனான ரோம உடைக்குள் நின்று, பேச முடியாமல், குழந்தைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை மிக்கி ‘வேலை இருக்கு’ன்னு கிளம்பிப்போவது தண்ணி குடிக்கத்தான். அடுத்த தடவை யாராவது பொம்மை வேஷக்காரரின் வாலைப் பிடிச்சு இழுத்தா, முதுகுல தட்டினா, தடுத்து நிறுத்துங்க. உள்ளே இருக்கிறவருக்குப் பக்கவாட்டில் கண் தெரியாது.

2020-ல் கொரோனாவால் பார்க்குகள் பாதிக்கப்பட்டபோது, அமெரிக்காவில் 28,000 பேரை வேலையிலிருந்து எடுப்பதாக அந்த நிறுவனம் அறிவித்தது. சிரிச்ச முகத்தோட கையாட்டினவங்களும் அதில் உண்டு. 2024 மே மாதம், கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் மிக்கி, மின்னி வேஷம் போடுகிறவர்களும், ஊர்வலத்தில் ஆடுகிறவர்களும் ஓட்டுப் போட்டு, நடிகர்கள் சங்கத்தில் சேர முடிவெடுத்தார்கள். ‘நடிகர்’னு பேர் வெச்சா மட்டும் போதுமா, நடிகருக்கு உண்டான உரிமையும் வேணும்தானே!

கைக்கு அடக்கமா சில டிப்ஸ்

‘ஃப்ளோரிடாவுக்கு நான் எப்போ போகப்போறேன்?’னு பெருமூச்சு விடாதீங்க. அக்காவோ அண்ணனோ அமெரிக்காவில் இருந்தால், அப்பா அம்மா ஒரு நாள் அங்கே போவாங்க. நாளைக்கு நீங்களே சம்பாதிச்சுக் கூட்டிட்டுப் போவீங்க. அதுவரைக்கும் சிங்கப்பூரோ ஹாங்காங்கோ ஈசிஆர் ரோடோ, பெரும்பாலான டிப்ஸ் எல்லா பார்க்குக்கும் செட் ஆகும்.

1. நாள் பார்த்துப் போங்க: ஆர்லாண்டோவில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரம்னா ஜனக்கடல். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் கூட்டம் குறைவு. ஆனா அது புயல் சீசன், மதியத்துக்கு மேல் இடிமழை சகஜம். மின்னல் அடித்தால் வெளியில் ஓடும் ரைடுகளை நிறுத்திடுவாங்க.

2. கேட் திறக்கும்போதே நில்லுங்க: முதல் ரெண்டு மணி நேரத்தில் பெரிய ரைடுகளை முடிச்சிடலாம். உச்சி வெயிலில் ஏசி ஷோ, சாப்பாடு, குட்டித் தூக்கம். சாயந்திரம் மறுபடி களத்தில் இறங்குங்க.

3. புளியோதரைக்குத் தடையில்லை: டிஸ்னி வேர்ல்டில் நாமே சாப்பாடு கொண்டுபோகலாம். கண்ணாடி பாட்டில், சரக்கு கூடாது. உணவுக் கவுன்ட்டர்களில் கேட்டால் ஐஸ் தண்ணி ஃப்ரீயா தருவாங்க. எல்லா பார்க்கிலும் இப்படி இல்லை, விதியைப் படிச்சிட்டு டிபன் பாக்ஸைக் கட்டுங்க.

4. வயசு, உயரம்: அங்கே 3 வயசுக்குக் கீழே டிக்கெட் கிடையாது. உயரம்தான் கறார். ஃப்ளோரிடா ஸ்பேஸ் மவுன்டனுக்கு 44 அங்குலம் வேணும். தம்பியை எக்கி நிக்க வைக்கிறது, ஷூவுக்குள்ள துணி திணிக்கிறது எல்லாம் வேண்டவே வேண்டாம். பாதுகாப்புக் கம்பி அந்த உயரத்தை வெச்சுத்தான் டிசைன் பண்ணப்பட்டிருக்கு. குட்டி உடம்பு நழுவினா பிடிக்க ஆளில்லை. ரெண்டு வருஷம் கழிச்சுக்கூட ரைடு அங்கேயேதான் இருக்கும்.

5. தொலைஞ்சு போனா: காலையில் கிளம்பும்போதே குழந்தைகளை ஒரு போட்டோ எடுத்துடுங்க. அன்னிக்கு என்ன டிரெஸ்னு பதற்றத்தில் நமக்கே மறந்துடும். மணிக்கட்டில் போன் நம்பர் எழுதுங்க. ‘பேர்ப் பட்டை குத்தினவங்ககிட்ட போய்ச் சொல்லு’ன்னு சொல்லிக்கொடுங்க. தாத்தா பாட்டிக்கும் இதே ரூல். அவங்ககிட்ட போன் இருக்கும், சார்ஜ் இருக்காது!

6. கால் பத்திரம்: ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டர் நடப்பது சர்வ சாதாரணம். டூருக்குன்னு வாங்கின புது ஷூவை அப்பா அன்னிக்குத்தான் முதல்ல போடுவார். முந்தின வாரமே போட்டு நடக்கச் சொல்லுங்க. முழங்கால் வலிக்காரர்களுக்கு வீல்சேர் வாடகைக்குக் கிடைக்கும். கூச்சமே தேவையில்லை. பி.பி., ஹார்ட் பிராப்ளம், முதுகுவலி இருந்தா ரைடு வாசல் எச்சரிக்கைப் பலகையைக் கண்டிப்பாப் படிங்க.

7. மாத்தி மாத்தி ஏறுங்க: டிஸ்னியில் ‘ரைடர் ஸ்விட்ச்’னு ஒரு வசதி. ஒருத்தர் ரைடு போக, இன்னொருத்தர் வெளியே குழந்தையைப் பார்த்துக்குவார். அவர் வந்ததும் இவர், மறுபடி க்யூ முழுசும் நிற்காமலே போகலாம். இதுக்குக் காசு கிடையாது. வாசலில் நிற்கும் ஊழியரிடம் கேட்டாலே போதும்.

பை யார் கையில?

இந்த ஏழாவது டிப்ஸை மட்டும் ரெண்டு தடவை படிங்க. உங்க வீட்டு டூர் ஆல்பத்தை எடுத்து, கையில் பை இல்லாமல் அம்மா நிற்கிற போட்டோ எத்தனைன்னு எண்ணிப் பாருங்க.

எல்லாரும் ராட்டினத்தில் ஏறும்போது ‘நீங்க போயிட்டு வாங்க, நான் பையைப் பார்த்துக்கறேன்’னு பெஞ்சில் உட்காருவது யார்? காலை நாலு மணிக்கு எழுந்து புளியோதரை கிளறினது யார்? யாருக்கு எந்த மாத்திரை, எந்தப் பையில் துண்டுன்னு ஞாபகம் வெச்சுக்கிறது யார்? நம்ம குடும்ப டூருக்கும் ஒரு யூட்டிலிடார் இருக்கு பாஸ். அதுல வருஷக்கணக்கா அம்மாதான் நடந்துக்கிட்டிருக்காங்க.

‘அவங்களுக்கு அதெல்லாம் பிடிக்காது’ன்னு சொல்லாதீங்க. பிடிக்குமான்னு யாரும் கேட்டிருக்கோமா? பயமா இருந்தா ரோலர் கோஸ்டர் வேண்டாம். எல்லா பார்க்கிலும் மெதுவா போற ரயில், படகு, குதிரை ராட்டினம் இருக்கு. பை வைக்க லாக்கர் இருக்கு. லாக்கர் வாடகை ஜாஸ்தின்னா, அந்தப் பெஞ்சில் அரை மணி நேரம் நீங்க உட்காருங்க. பக்கத்தில் ஒரு ஐஸ்க்ரீம், காதில் பாட்டு. உலகம் ஒண்ணும் அழிஞ்சுடாது.

அடுத்த டூருக்கு பிளான் போடும்போது அம்மாகிட்ட ரெண்டே ரெண்டு கேள்வி கேளுங்க. ‘உனக்கு எங்கே போகணும்மா?’ அப்புறம், ‘உனக்கு எதுல ஏறணும்?’ முதல் தடவை ‘எனக்கென்னடா, உங்களுக்குப் பிடிச்ச இடத்துக்குப் போங்க’ன்னுதான் பதில் வரும். விடாதீங்க, ரெண்டாவது தடவையும் கேளுங்க.

என்ன பதில் வந்துச்சுன்னு ஒரு கார்டுல எழுதிப் போடுங்க. அடுத்த வாரம் வேற ஊர், வேற கொல்லைப்புறம். வரட்டா?